நாற்பது வருடம் கழித்து வரும் வருத்தம்

1994இல் எம்.எச்.எம். அஷ்ரப் துறைமுகங்களுக்கும் கப்பற்றுறைக்கும் பொறுப்பான அமைச்சரானார். அதற்குப் பிறகு கல்முனைக் கரையின் வாழ்க்கைப் போக்கே மாறியது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, மேற்கே சம்மாந்துறை என்று ஊருக்கு ஊர் இளைஞர்கள் இலங்கைத் துறைமுக அதிகார சபையில் வேலை பெற்று, கொழும்புக்கும் காலிக்கும் திருகோணமலைக்கும் போனார்கள். வயலையும் கடலையும் தறியையும் நம்பியிருந்த பல வீடுகளுக்கு மாதச் சம்பளமும் ஊழியர் சேமலாப நிதியும் அப்போதுதான் வந்தன. 2000 செப்டெம்பர் 16இல் அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். அவர் வாங்கிக் கொடுத்த 'ஹாபர் வேலை' மட்டும் பல குடும்பங்களை அதற்குப் பிறகும் தாங்கியது.

அப்படிப் போனவர்களில் அலுவலகத்தில் இருந்தவர்கள் உண்டு, கொள்கலன் முற்றத்தில் நின்றவர்கள் உண்டு. சிலர் பணிமனையிலும் இழுவைப் படகுகளின் இயந்திர அறையிலும் வேலை செய்தார்கள். இந்தக் கட்டுரை அந்தச் சிலரைப் பற்றியது. அவர்களைப் போலவே கடற்படையில் இயந்திரத் தொழில்நுட்பவியலாளராக இருந்தவர்கள், வணிகக் கப்பல்களில் ஒயிலராகவும் பிட்டராகவும் போனவர்கள், வளைகுடா நாடுகளின் கப்பற்பட்டறைகளில் உழைத்துத் திரும்பியவர்கள் ஆகியோரையும் பற்றியது. 1995இல் இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு 2025இல் ஐம்பத்தைந்து வயது. அஸ்பெஸ்டஸ் தூசினால் வரும் நோய்கள் தலைகாட்டத் தொடங்கும் காலம் இதுதான்.

அஸ்பெஸ்டஸ் என்றால் நம் பக்கத்தில் கூரைச் சீட்தான் ஞாபகத்துக்கு வரும். கப்பலில் அதன் பயன் வேறு. நீராவிக் குழாயின் வெப்பம் வீணாகாமலும் தொட்டவன் கை வெந்துபோகாமலும் இருக்க, குழாயைச் சுற்றித் தடித்த உறை போடுவார்கள். கப்பல்காரர்கள் இதை லெகிங் என்பார்கள். 1970கள் வரை கட்டப்பட்ட கப்பல்களில் கொதிகலன், டர்பைன், நீராவிக் குழாய், புகைபோக்கி எல்லாவற்றுக்கும் அஸ்பெஸ்டஸ் லெகிங்தான் வழமை. போர்க்கப்பல்களில் இதற்குப் பழுப்பு அஸ்பெஸ்டஸை அதிகம் பயன்படுத்தினார்கள். குழாய் மூட்டுகளில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கட்டிலும் வால்வுப் பாக்கிங்கிலும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் இருந்தது. நீராவிக் கப்பல்கள் போய் டீசல் கப்பல்கள் வந்த பிறகும் கேஸ்கட்டும் பாக்கிங்கும் புகைக்குழாய் உறையும் அப்படியே தொடர்ந்தன. கப்பல்களில் புதிதாக அஸ்பெஸ்டஸ் பொருத்துவதைச் சர்வதேசக் கடற்பாதுகாப்பு விதிகள் சில விலக்குகளோடு 2002 ஜூலையில் தடுத்தன. விலக்கே இல்லாத தடை 2011 ஜனவரியில்தான் வந்தது.

ஒரு கேஸ்கட் மாற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். குழாய்களை இணைக்கும் பிளேன்ஜின் போல்ட்டுகளைக் கழற்றினால் பழைய கேஸ்கட் வெந்து, இரும்போடு ஒட்டிப்போய்க் கிடக்கும். அதைச் சுரண்டி எடுப்பார்கள். சுரண்டியும் போகாததைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பார்கள். பிறகு காற்றுக் குழாயைத் திறந்து ஒரு ஊது ஊதினால் பிளேன்ஜ் பளிச்சென்று வந்துவிடும். புதிய கேஸ்கட் சீட்டை அதே பிளேன்ஜின் மேல் விரித்து, துளைகளின் விளிம்பில் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டித் தட்டி வெட்டியெடுப்பார்கள். நல்ல கைக்காரருக்கு இது சிறிய வேலை. ஆனால் சுரண்டும்போதும் தேய்க்கும்போதும் ஊதும்போதும் நார் பறக்கிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த நார் கண்ணுக்குத் தெரியாது, இருமல் வராது, மூக்கில் காரம் ஏறாது. இயந்திர அறை கடல்மட்டத்துக்குக் கீழே, வெக்கையும் நெரிசலுமாக இருக்கும் இடம். அங்கே எழும்பிய தூசு எளிதில் வெளியேறாது. லெகிங்கை உடைத்தெடுத்துக் குழாயைத் திருத்தும் நாளில் நிலைமை இன்னும் மோசம். உறையைச் சுத்தியலால் அடித்து உடைத்து, விழுந்ததைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளுவார்கள். லெகிங் வேலை செய்தவரோடு பக்கத்தில் நின்ற வெல்டர், எலெக்ட்ரீசியன், பெயின்டர் எல்லோரும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

திருகோணமலைக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அது பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் தளம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின. 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை அங்கிருந்த கப்பற்பட்டறை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. 1950 டிசம்பர் 9இல் நிறுவப்பட்ட நமது கடற்படை தொடங்கியதும் பழைய நீராவிக் கப்பல்களோடுதான். 'விஜய' போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட கண்ணிவாரிக் கப்பல். 1959இல் இஸ்ரேலிடமிருந்து வாங்கிய 'கஜபாகு', 'மகாசேன' இரண்டும் அதே போர்க்காலத்தில் கனடாவின் கடற்படையில் ஓடியவை. இவற்றின் கொதிகலன் அறையில் இரவு பகலாக நின்ற ஸ்டோக்கர்களும் மெக்கானிக்குகளும் தமிழர், முஸ்லிம், சிங்களவர், பறங்கியர் என்று எல்லா இனத்தவரும் இருந்த ஒரு படையின் ஆட்கள். 1960 முதல் 1970 வரை அந்தப் படையின் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் இன்று இல்லை.

தூசு உள்ளே போய் என்ன செய்கிறது? பெரும்பாலான தூசுகளை உடம்பு சளியோடு வெளியே தள்ளிவிடும். அஸ்பெஸ்டஸ் நார் நுரையீரலின் அடியில் போய்க் குத்தி நின்றால், அங்கேயே இருந்துகொண்டு வருடக்கணக்கில் தழும்பை உண்டாக்குகிறது. அந்தத் தழும்பு பரவி மூச்சு முட்டும் நோய்க்கு அஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் சுண்ணாம்புபோல் படியும் தகடுகள் வேறு. அவை பெரும்பாலும் தொந்தரவு தராது, ஆனால் எக்ஸ்ரேயில் தெரிந்தால் ஆள் தூசில் வேலை செய்தவர் என்பதற்கு அவையே அடையாளம். நுரையீரல் புற்றுநோய் அடுத்தது. எல்லாவற்றிலும் கொடியது மீசோதீலியோமா. அந்தச் சவ்விலேயே பிறக்கும் புற்றுநோய் இது. தூசில் வேலை செய்து இருபது முதல் ஐம்பது வருடங்கள் கழித்து வரும். கண்டுபிடித்த பிறகு பெரும்பாலானோர் ஏறக்குறைய ஒரு வருடமே உயிர் வாழ்கிறார்கள்.

இவை இன்றைக்குக் கண்டுபிடித்த விடயங்கள் இல்லை. அஸ்பெஸ்டஸ் ஆலைத் தொழிலாளரின் நுரையீரல் தழும்பைப் பற்றி மெரிவெதர், பிரைஸ் இருவரும் பிரித்தானிய அரசுக்கு அறிக்கை கொடுத்தது 1930இல். தென்னாப்பிரிக்காவின் நீல அஸ்பெஸ்டஸ் சுரங்கப் பகுதியில் 33 மீசோதீலியோமா நோயாளிகளை வாக்னரும் கூட்டாளிகளும் 1960இல் பதிவு செய்தார்கள். பிரித்தானியாவின் டெவன்போர்ட் கடற்படைப் பட்டறையில் வேலை செய்தவர்களின் நுரையீரல் பாதிப்பை 1968இல் மருத்துவ இதழ்களே எழுதின. சிகரட்டும் அஸ்பெஸ்டஸும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் செலிகோஃபும் ஹேமண்டும் 1979இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், அஸ்பெஸ்டஸ் மட்டும் இருந்தவருக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகும் அபாயம் ஐந்து மடங்கு. புகைத்தவருக்குப் பத்து மடங்குக்கு மேல். இரண்டும் சேர்ந்தவருக்கு ஐம்பது மடங்குக்கு மேல். மீசோதீலியோமாவுக்கும் சிகரட்டுக்கும் தொடர்பில்லை. "அவர் சிகரட் குடிச்சவர்தானே" என்று சொல்லிக் கோவையை மூடிவிடும் எவரும் இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். பதவியும் யாரையும் காப்பாற்றவில்லை. அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்த அட்மிரல் எல்மோ சும்வால்ட் 2000 ஜனவரியில் இறந்தது மீசோதீலியோமாவால்.

இந்த நோய் நம் ஊரில் ஏன் பேர் வைக்கப்படாமல் போகிறது? மூச்சு வாங்கினால் "தொய்வு" என்பார்கள். நெஞ்சில் தண்ணீர் கட்டினால் நம் பகுதி வைத்தியர் முதலில் சயரோகத்தைத்தான் சந்தேகிப்பார். சயரோகம் உள்ள நாட்டில் அதில் தவறில்லை, மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் சரிவராதபோது அடுத்த கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் தவறு. வெளிநோயாளர் பிரிவில் சனம் நிறைந்து நிற்கும்போது, "வாப்பா முந்தி என்ன தொழில் செஞ்சீங்க?" என்று கேட்க வைத்தியருக்கு நேரம் கிடைப்பதில்லை. கேட்டாலும் "ஹாபர்ல இருந்தன், இப்ப பென்சன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நோயை உறுதிப்படுத்தச் சவ்விலிருந்து சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு வெலிசறைக்கோ மகரகமைக்கோ போகவேண்டி வரலாம். கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வரும் தெம்பு, மூச்சு முட்டும் ஒரு கிழவருக்கு எத்தனை தடவை இருக்கும்?

மேற்கு நாடுகளில் உயிரோடிருக்கும்போது தவறவிட்டதைப் பிரேத பரிசோதனை பல தடவை கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. நாங்கள் ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குபவர்கள், உடலை அறுப்பதைக் குடும்பங்கள் விரும்புவதில்லை. அந்த உணர்வை மாற்றிக்கொள்ளச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதனால் வருவதை விளங்கிக்கொள்ள வேண்டும்: நம் ஆட்களுக்கு நோயின் பெயர் உயிரோடு இருக்கும்போதே எழுதப்பட்டாக வேண்டும். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் "நியூமோனியா" என்று விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு விதவை எந்தக் கதவைத் தட்டியும் பயனில்லை.

நட்டஈட்டுக்கு வருவோம். பிரித்தானியாவில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சேவையில் வந்த பாதிப்புக்காகப் படையினர் அரசின் மீது வழக்குப் போட முடியாமல் செய்திருந்தது. 1987இல் அந்தத் தடை நீக்கப்பட்டது, ஆனால் பழைய பாதிப்புகளுக்கு அந்த நீக்கம் பொருந்தவில்லை. கப்பல்களில் தூசு சுவாசித்த மாலுமிகள் ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பழைய காலத்தவர்கள். இதனால் ஒரே நோய் வந்த, படையில் இல்லாத தொழிலாளி பெருந்தொகை பெற, மாலுமி வாராந்த ஓய்வூதியத்தோடு ஒரு வருடத்தில் இறந்துபோனார். ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற முன்னாள் படையினர் அமைப்பு இதை விடாமல் எடுத்துரைத்தது. 2016 ஏப்ரல் முதல் மீசோதீலியோமா வந்த முன்னாள் படையினர் 140,000 பவுணை ஒரே தடவையில் பெறும் வழி திறந்தது.

அமெரிக்காவிலும் படையினர் அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று 1950இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது. அங்கே இரண்டு வழிகள் உருவாகின. ஒன்று, பொருளைச் செய்து விற்ற கம்பனிகள்மீது வழக்கு. அப்படி வந்த வழக்குகளின் பாரத்தில் ஜோன்ஸ்-மென்வில் என்ற பெரிய அஸ்பெஸ்டஸ் கம்பனி 1982இல் வங்குரோத்துக் கோரியது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கொடுக்க 1988இல் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிதி ஏற்பட்டது. பிறகு வேறு கம்பனிகளும் அதே வழியில் நிதிகளை ஏற்படுத்தின. 2019இல் வந்த தீர்ப்பு இயந்திர அறை ஆட்களுக்கு மிக முக்கியமானது. பம்பும் டர்பைனும் செய்த கம்பனிகள், "நாங்கள் வெறும் இரும்பைத்தான் விற்றோம், அஸ்பெஸ்டஸைக் கடற்படைதான் பிறகு சுற்றியது" என்றன. அந்த இயந்திரம் அஸ்பெஸ்டஸ் இல்லாமல் ஓடாது என்றும் அது ஆபத்து என்றும் தெரிந்திருந்தால், எச்சரிக்க வேண்டிய கடமை விற்றவனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இரண்டாவது வழி முன்னாள் படையினர் திணைக்களத்தின் இயலாமைக் கொடுப்பனவு. அந்தத் திணைக்களம் கடற்படையின் தொழிற்பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் எதிரே, அஸ்பெஸ்டஸில் ஊறியிருக்கும் வாய்ப்பு மிக அதிகமா, ஓரளவா, மிகக் குறைவா என்று எழுதியிருக்கிறது. கொதிகலன் தொழில்நுட்பவியலாளருக்கு 'மிக அதிகம்'. ஐம்பது வருடத்துக்கு முன் எந்த நாள் எந்தக் குழாயில் எவ்வளவு தூசு பறந்தது என்று நோயாளி நிரூபிக்கத் தேவையில்லை. சேவைப் பதிவில் உள்ள தொழிற்பெயரே சாட்சி சொல்கிறது. நான் படித்தவற்றில் ஏழை நாடு ஒன்று அதிக செலவில்லாமல் பின்பற்றக்கூடியது இந்தப் பட்டியல்தான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்திய உச்ச நீதிமன்றமும் இதே திசையில் 1995 ஜனவரி 27இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. அஸ்பெஸ்டஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலை தொடங்கியதிலிருந்து குறைந்தது 40 வருடம், அல்லது ஓய்வு பெற்ற பின் 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நோய் உறுதியானால் ஒரு இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும். ஒரு இலட்சம் என்பது அன்றைக்கே பெரிய தொகை இல்லை. நாற்பது வருடப் பதிவேடு என்ற கட்டளைதான் அந்தத் தீர்ப்பின் உயிர்.

இலங்கையில் துறைமுக ஊழியருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும் உரிய சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். விபத்துக்கு மட்டுமல்லாமல் தொழிலால் வரும் நோய்க்கும் அதில் இடமுண்டு. கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளரிடம் முறையிட வேண்டும். உச்சத் தொகை நீண்ட காலம் ஐந்தரை இலட்சமாகவே கிடந்தது, 2022 திருத்தத்தில் இருபது இலட்சமாக உயர்ந்தது. ஆனால் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இன்று கை முறிந்து நாளை முறையிடும் தொழிலாளியை மனதில் வைத்து எழுதினார்கள். முப்பது வருடத்துக்கு முன் செய்த வேலையையும் இன்றைய நோயையும் இணைத்துக் காட்ட நோயாளியிடம் பெரும்பாலும் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது.

கடற்படையினருக்கு வழி 1950ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டத்தின் கீழான ஓய்வூதிய, இயலாமை விதிகள். 1999இல் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகார சபை, போரில் ஊனமுற்றவர்களையும் உயிரிழந்தோரின் குடும்பங்களையும் பராமரிக்க வந்தது. போர்க்களத்தில் கால் இழந்தவருக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கத்தான் வேண்டும். அதே படையின் கப்பலில் கேஸ்கட் சுரண்டி நுரையீரலை இழந்தவரும் நாட்டுக்கு வேலை செய்தவர்தான். வணிகக் கப்பல் மாலுமிக்கு நிலைமை சற்று நல்லது. 2006ஆம் ஆண்டின் கடற்தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 2017இல் ஏற்றது. ஒப்பந்தக் காலத்து வேலையால் விளைந்த நோய்க்கும் கப்பல் உரிமையாளர் பொறுப்பு என்று அது சொல்கிறது. அவரிடம் எந்தக் கப்பலில் எந்தத் திகதி ஏறி இறங்கினார் என்று முத்திரை குத்திய சீமன் புத்தகமும் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வீட்டில் எங்கோ பழைய பெட்டியில் கறையான் தின்ன விடக்கூடாது.

அரசு அஸ்பெஸ்டஸ் விடயத்தில் உறுதியாக நிற்காது என்பதைக் கண்ணால் கண்டோம். வெள்ளை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 ஜனவரி முதல் நிறுத்தப்போவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, ஒரு வண்டைக் காரணம் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பும் முக்கிய நாடு அதுவே. சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் தடை தளர்ந்தது, தேயிலையும் மறுபடி ஏறியது. தோட்டத் தொழிலாளியின் பிழைப்பும் பெரிய விடயம்தான். ஆனாலும் மூச்சுக்குழாயை விலையாகக் கொடுத்த அந்தப் பேரத்தை நான் ஏற்கவில்லை.

நம் கரையில் கப்பலைக் காணாதவர்களுக்கும் இதில் பங்குண்டு. 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இடிந்த வீடுகளோடு நொறுங்கிய கூரைச் சீட்டுகளை முகமூடி இல்லாமல் வெறுங்கையால் அள்ளினோம். பழைய அரிசி ஆலைக் கொதிகலனின் கதவில் திரித்த கயிறும், படகு எஞ்சினின் புகைக்குழாயில் சுற்றிய நாடாவும் அதே குடும்பத்துப் பொருட்கள். கூரையில் முழுசாகக் கிடக்கும் சீட் அவ்வளவு ஆபத்தில்லை. அதை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து உதறித் துவைத்த மனைவிமாருக்கும் மீசோதீலியோமா வந்ததை மருத்துவம் பதிந்திருக்கிறது. ஆகவே உம்மாவுக்கு நெஞ்சில் தண்ணீர் கட்டினாலும் வாப்பாவின் தொழிலை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

துறைமுக அதிகார சபையும் கடற்படையும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தங்களிடமுள்ள பழைய பணிப் பதிவுகளிலிருந்து இயந்திர அறை, பணிமனை, கொதிகலன் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, அவர்களுக்கு எக்ஸ்ரே பரிசோதனை வழங்க வேண்டும். தேசிய தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. தொழிற்பெயர்ப் பட்டியலைத் தயாரிக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையின் நோயாளர் அட்டையில் 'முன்னைய தொழில்' என்று ஒரு வரி சேர்க்கப் பெரிய செலவாகாது. ஜும்ஆப் பள்ளி நிருவாகங்களும் ஓய்வூதியர் சங்கங்களும் நினைத்தால் ஒரு மாதத்தில் தங்கள் ஊரின் பட்டியலைத் தாங்களே எடுத்துவிடலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் கடற்படையிலோ துறைமுகத்திலோ கப்பலிலோ வளைகுடாப் பட்டறையிலோ இருந்தவர் யாராவது இருந்தால் இந்த வாரமே அவரோடு உட்காருங்கள். வேலை செய்த கப்பல்களின் பெயர், வருடம், செய்த வேலை, பக்கத்தில் நின்று வேலை செய்த இரண்டு பேரின் பெயர் ஆகியவற்றை ஒரு கடதாசியில் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி, நியமனக் கடிதத்தோடும் சேமலாப நிதிப் பத்திரத்தோடும் சேர்த்து வையுங்கள். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கடதாசியின் பிரதியை வைத்தியர் கையில் கொடுங்கள்.